மெட்டல் டிடெக்டர் சும்மா சும்மா கத்துகிறதா? மின் இரைச்சலை அடக்கும் வழி

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்குபவர்களில் பலர் அதை முதலில் போட்டுப் பார்க்கும் இடம் வீட்டு ஹால்தான். நானும் அதையே செய்தேன். பெட்டியைப் பிரித்து, தண்டை இணைத்து, அதன் அடிமுனையில் வரும் வட்டத் தட்டான காயிலைத் திருகி, பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடியே கருவி கத்தத் தொடங்கிவிட்டது. எந்த வகை உலோகம் என்று காட்டும் எண்கள் திரையில் 3, 31, 12, மைனஸ் 6 என்று தாறுமாறாக ஓடின. காயிலைச் சோபாவின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன், அப்போதும் ஓயவில்லை. பழுதான கருவியை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். திருப்பி அனுப்பும் படிவத்தைப் பாதி நிரப்பியும் விட்டேன்.

அன்று இரவு, இந்தப் பொழுதுபோக்கில் என்னை இழுத்துவிட்ட யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் இங்கே இங்கிலாந்தில் பல வருடங்களாக வயல்களில் டிடெக்டரோடு நடப்பவர். "தம்பி, உதைத் தூக்கிக்கொண்டு வீடு வாசல் இல்லாத ஒரு வயலுக்குப் போம். பிறகு கதைப்பம்" என்றார். ("உதை" என்றால் யாழ்ப்பாணப் பேச்சில் "அதை".) மறுநாள் போனேன். அதே கருவி, அதே அமைப்பு. காயிலைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கருவியில் குறையே இல்லை. வீட்டில் இருந்த ரவுட்டர், எல்இடி விளக்குகள், டிவி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலைத்தான் அது எனக்குக் கேட்கச் செய்திருக்கிறது.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் கருவியை விற்றுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் நடப்பது கென்ட் பகுதி வயல்களில். எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும். மின் இரைச்சலின் குணம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கருவியின் காதில் என்ன விழுகிறது

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் நாணயத்தில் சின்னச் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் மிக மெல்லிய புலத்தை இரண்டாவது சுருள் பிடிக்கிறது. இந்த இரண்டாவது சுருள் உண்மையில் ஓர் ஆன்டெனா. நாணயத்திலிருந்து வந்தது எது, பக்கத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்தது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கி உள்ளே அனுப்பும்.

வயல்களில் நாம் பயன்படுத்தும் சாதாரணக் கருவிகள் ஏறத்தாழ 3 முதல் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கின்றன. காரெட் ஏஸ் 250 என்ற பழைய கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ், நோக்டா சிம்ப்ளக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண் பகுதி வெறும் வெளியல்ல. எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையக் கோபுரங்கள் 470 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை டிடெக்டர்கள் வேலை செய்யும் அதே பகுதியில்தான் வருகிறது. இங்கிலாந்தில் அதே வேலையைச் செய்யும் ஸ்கெல்டன் நிலையம் 22.1 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது. கடிகாரங்கள் தாமாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்வதற்கான சமிக்ஞை ஆன்தார்னிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. எங்கோ தூரத்தில் வெட்டும் மின்னல்கூட இந்தப் பகுதியில் சடசடப்பை உண்டாக்கும்.

ஆனால் அன்றாடத் தொல்லை தருவது இவை அல்ல. வீட்டுக்கும் ஊருக்கும் வரும் மின்சாரம்தான். அது 50 ஹெர்ட்ஸ், நம் கருவியின் அதிர்வெண்ணுக்கு மிகக் கீழே. அப்படியென்றால் எப்படித் தொல்லை தருகிறது? மின்சாரம் சுத்தமான 50 ஆக இருப்பதில்லை. அதன் மடங்குகளும் கூடவே ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகின்றன. சார்ஜர், எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், பம்பு மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. அந்த வெட்டுகள் நேராக நம் கருவியின் அதிர்வெண் பகுதியிலேயே விழுகின்றன.

முதலில்: இது மின் இரைச்சல்தானா?

எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, தரைக்கு இணையாக, கொஞ்சமும் அசைக்காமல் அரை நிமிடம் பிடியுங்கள். கத்துகிறதா என்று கேளுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கருவிகள் வழக்கமான தேடல் முறையில் அசைவு இருந்தால்தான் உலோகத்துக்குப் பதில் சொல்லும். நாணயத்தின் மேல் காயிலை அப்படியே நிறுத்தினால் சத்தம் அடங்கிவிடும். ஆக, அசையாமல் பிடித்திருக்கும்போதும் கத்தினால் அது மண்ணிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வருகிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

அசையாதபோது அமைதி, வீசும்போது மட்டும் கத்தல் என்றால் கதை வேறு. மண்ணில் இரும்புத்தாது அதிகமாக இருக்கலாம், கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் குணத்துக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்வது) சரியில்லாமல் இருக்கலாம், துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த பழைய வீட்டு நிலமாக இருக்கலாம். உங்கள் பூட்ஸில் இருக்கும் இரும்பு வளையங்களாகக்கூட இருக்கலாம். கடற்கரையில் ஈர மணலில் காயிலை ஏற்றி இறக்கினால் கத்துவது உப்புத் தண்ணீரின் வேலை. இவற்றுக்கெல்லாம் மருந்து தனி.

காயில் ஒரு கல்லில், ஒரு கதிர்த்தாளில் தட்டும்போது மட்டும் கத்தினால் கேபிளைப் பாருங்கள். காயிலிலிருந்து மேலே வரும் கேபிள் தண்டைச் சுற்றி இறுக்கமாக, ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். காயிலுக்குப் பக்கத்தில் தொளதொளவென்று ஆடும் கேபிள், பார்ப்பதற்கு மின் இரைச்சல் போலவே நடிக்கும். இணைப்பு முனையைக் கழற்றி, உள்ளே ஈரமோ பச்சை பூத்த துருவோ இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து மாட்டுங்கள்.

இன்னும் சந்தேகமா? சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் கேட்கும் திறனை, கடைசி வரை கீழே இறக்குங்கள். மின் இரைச்சல் என்றால் பெரும்பாலும் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். அடிமட்டத்திலும், ஊருக்கு வெளியேயும், நின்ற இடத்தில் அதே கத்தல் தொடர்ந்தால்தான் கடைக்காரரிடம் பேச வேண்டும்.

அடுத்து: உங்கள் உடம்பைச் சோதியுங்கள்

தொல்லையின் மூலம் பாதி நேரம் நம் சட்டைப்பையில்தான் இருக்கும். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அவசரத்துக்குத் தேவை என்று அணைக்கத் தயங்கினால் முதுகுப்பைக்குள், காயிலிலிருந்து தள்ளி வையுங்கள். காற்சட்டையின் முன்பக்கப் பை மிக மோசமான இடம், ஒவ்வொரு வீச்சிலும் காயில் அதன் அருகே வந்து போகும். ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், காரின் ரிமோட் சாவியையும் வண்டியிலேயே பத்திரப்படுத்த முடியுமா என்று பாருங்கள். கருவியோடு வராத, வேறு கம்பெனி வயர்லெஸ் ஹெட்போன் போட்டிருந்தால் வயர் ஹெட்போனை மாட்டி ஒப்பிடுங்கள்.

பின்பாயிண்டரை மறந்துவிடாதீர்கள். குழிக்குள் நாணயத்தைத் துல்லியமாகக் காட்டும் அந்தக் கைக்கருவியும் ஒரு சின்ன டிடெக்டர்தான், அதுவும் புலத்தை அனுப்புகிறது. அது இயங்கும்போது பெரிய கருவி பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தும். தோண்டும்போது பெரிய கருவியை ஓரிரு அடி தள்ளி, காயில் மறுபக்கம் பார்க்கும்படி படுக்க வையுங்கள். முடிந்ததும் பின்பாயிண்டரை அணைத்து உறையில் போட்டுவிட்டு எழுங்கள்.

அப்புறம் தலையை நிமிர்த்திப் பாருங்கள்

புதியவர்கள் கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். வயலுக்குள் கால் வைக்கும் முன் சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். எஃகுக் கோபுரங்களில் போகும் ஹைடென்ஷன் லைன் கண்ணில் படாமல் போகாது. மரக்கம்பங்களில் போகும் 11 கிலோவோல்ட் லைன் வேலியோர மரங்களுக்குள் மறைந்துவிடும். என் அனுபவத்தில் பெரிய கோபுரத்தைவிடச் சில இடங்களில் இந்தச் சின்னக் கம்பம்தான் அதிகம் படுத்தும். அதிலும் கம்பத்தின் தலையில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் கேட்கவே வேண்டாம். சோலார் பண்ணை, மின்சார ரயில் பாதை, ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு, கோழிப் பண்ணையின் மின்விசிறிகள் எல்லாம் கணக்கில் வரும்.

கண்ணுக்குத் தெரிவது ஒன்று, குற்றவாளி வேறொன்றாக இருக்கலாம். அதனால் நடந்து பாருங்கள். காயிலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு திசையில் 30 எட்டு நடங்கள், நின்று கேளுங்கள். பிறகு எதிர்த் திசையில் 30 எட்டு. சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது, எந்தப் பக்கம் தேய்கிறது என்பது தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே காயிலை நிமிர்த்திச் சுவர் போலப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு நிலையில் கூச்சல் உச்சத்துக்குப் போய், கால் வட்டம் திரும்பியதும் அடங்குவதைக் கேட்கலாம். காயில் ஆன்டெனா என்று சொன்னேனே, அதை உங்கள் காதாலேயே தெரிந்துகொள்ளும் இடம் இது. ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது.

மின்வேலியின் சத்தம் தனி. ஆடுமாடு தாண்டாமல் இருக்கக் கட்டும் அந்த வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை, ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் பாயும். ஹெட்போனில் டக்... டக்... டக்... என்று கடிகாரம் மாதிரிக் கேட்டால் வேறெங்கும் தேட வேண்டாம், அது மின்வேலிதான். விவசாயியிடம் மரியாதையாகக் கேட்டால், மேய்ச்சல் இல்லாத நேரத்தில் சிலர் அணைத்துக் கொடுப்பார்கள். நீங்களாகப் போய் அணைக்கக் கூடாது. மாடு வெளியேறிவிட்டால் அந்த வயலில் மட்டுமல்ல, அந்த ஊரிலேயே உங்களுக்கு அனுமதி கிடைக்காது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயிலுக்குக் கீழே வலுவான சத்தம் ஒரே நேர்க்கோட்டில் பல மீட்டர் தொடர்ந்து போனால், கூடவே ஒரு ரீங்காரமும் இருந்தால், அது புதைத்த மின்கேபிளாக இருக்கலாம். அங்கே மண்வெட்டியை இறக்காதீர்கள். பக்கத்தில் கட்டடமோ கம்பமோ இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். எந்த நாணயமும் உயிருக்கு ஈடாகாது.

நாய்ஸ் கேன்சல்

இப்போது கருவியின் பொத்தான்களுக்கு வருவோம். நாய்ஸ் கேன்சல், ஃப்ரீக்வன்சி ஷிஃப்ட், சேனல் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றுதான்: கருவி இயங்கும் அதிர்வெண்ணை மயிரிழை அளவு மேலேயோ கீழேயோ நகர்த்துவது.

சின்ன வயதில் வால்வு ரேடியோவிலோ டிரான்சிஸ்டரிலோ இலங்கை வானொலி பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். முள் கொஞ்சம் தள்ளியிருந்தால் வேறு நிலையத்தின் கூச்சல், கொஞ்சம் திருப்பினால் பாட்டு தெளிவாக வரும். டிடெக்டர் தன் அதிர்வெண்ணை ஒட்டிய மிகக் குறுகிய ஒரு பட்டையை மட்டுமே காதில் வாங்குகிறது. மின்சாரத்தின் மடங்குகள் 50 ஹெர்ட்ஸுக்கு ஒன்று என்ற இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. கருவியின் அதிர்வெண் அப்படி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டால் கத்தல். இரண்டு மடங்குகளுக்கு இடையில் உட்கார வைத்தால் அமைதி. அதனால்தான் இவ்வளவு சின்ன நகர்த்தல் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தருகிறது.

செய்யும் முறை: எந்த வயலில் தேடப் போகிறீர்களோ அங்கேயே நின்று, உலோகம் இல்லாத இடத்தில், காயிலை அசைக்காமல் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். தானியங்கிக் கருவி என்றால் சேனல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, அமைதியான ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். என்னிடம் இருக்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 அப்படி 19 சேனல்களைப் பார்க்கிறது. அது ஓடும்போது காயிலை ஆட்டினாலோ, பக்கத்தில் நண்பர் தன் கருவியோடு நின்றாலோ தேர்வு தப்பாகிவிடும். கையால் மாற்றும் வகை என்றால் ஒவ்வொரு சேனலிலும் பத்து நொடி நின்று கேட்டு, காதுக்கு எது அமைதியோ அதை வையுங்கள். அவசரப்பட வேண்டாம்.

அது முடிந்த பிறகே கிரவுண்ட் பேலன்ஸ். வரிசையை மாற்றினால், இரைச்சலையும் சேர்த்து மண்ணின் குணம் என்று கருவி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வயலின் மறுமுனைக்குப் போனதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வந்ததும், இரண்டையும் மறுபடி செய்யுங்கள். காலையில் போட்டது மாலைவரை நிற்கும் என்று நம்பி நான் வீணாக்கிய பொழுதுகள் அதிகம்.

அதிர்வெண்ணையே மாற்றுவது

இன்றைய கருவிகள் பலவும் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்பவை. பொதுவாக அதுவே சிறந்த முறை. ஆனால் பல கதவுகளைத் திறந்து வைத்த வீட்டுக்குள் சத்தமும் பல வழியாக வரும். நாய்ஸ் கேன்சல் செய்தும் அடங்கவில்லை என்றால் ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறிப் பாருங்கள். என் கருவியில் 5, 10, 15, 20, 40 என்று ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டு, காயிலை அசைக்காமல் பிடித்துக் கேட்டால் ஒன்றிரண்டு கட்டாயம் அமைதியாக இருக்கும். மின்கம்பிக்குப் பக்கத்தில் எனக்குப் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்கள்தான் கைகொடுத்திருக்கின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. 40 கிலோஹெர்ட்ஸ் மெல்லிய, சின்னப் பொருள்களுக்கு நல்லது, ஆழத்தில் கிடக்கும் பெரிய வெள்ளி, செம்பு நாணயங்களுக்கு அவ்வளவாக உதவாது. 5 நேர்மாறு. எதைத் தேடுகிறோம் என்பதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அமைதியும் வேண்டும், தேடும் பொருளுக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் 15 பெரும்பாலும் நடுநிலை.

சென்சிடிவிட்டி: தயங்காமல் குறையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்துக்கொள்கிறார்கள். குறைத்தால் ஆழம் போய்விடும் என்ற பயம். இந்தப் பயம் கணக்குக்கு ஒத்துவராதது. காயிலிலிருந்து போகும் புலம், தூரத்தின் மூன்றாம் அடுக்கு என்ற விகிதத்தில் தேய்கிறது. நாணயத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அதேபோல் இன்னொரு மூன்றடுக்கு தேய்கிறது. மொத்தம் ஆறடுக்கு. இதைத் திருப்பிப் போட்டால் நமக்குச் சாதகமாகிறது: கருவியின் கேட்கும் திறனைச் சரிபாதியாகக் குறைத்தாலும் ஆழத்தில் போவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். 20 சென்டிமீட்டரில் கேட்ட நாணயம் 18 சென்டிமீட்டருக்கு வந்தால் கேட்கும். நான்கில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 16 அளவில் நிற்கும். இது காயிலின் அளவோடு ஒப்பிட ஓரளவு ஆழமாகக் கிடக்கும் சின்னப் பொருளுக்கான தோராயக் கணக்கு. திரையில் இருக்கும் எண்கள் இதே விகிதத்தில் நகர்வதுமில்லை. ஆனாலும் எவ்வளவு இழக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

இரைச்சலோடு உச்சத்தில் வைத்திருந்தால் என்ன இழக்கிறோம்? 20 சென்டிமீட்டர் நாணயத்தின் மெல்லிய குரல் அந்தக் கூச்சலில் அப்படியே மூழ்கிவிடும். 12 சென்டிமீட்டரில் இருப்பதையும் நம்ப முடியாமல் தாண்டிப் போய்விடுவோம்.

ஒரு அக்டோபர் காலை. பார்லி அறுத்த வயல், தாள்கள் காலில் குத்தின. வேலியோரம் மூன்று மரக்கம்பங்கள், நடுவில் இருந்ததில் டிரான்ஸ்பார்மர். வயலின் பழைய பாதை அந்த வேலியை ஒட்டித்தான் போயிருக்கிறது, ஆக நாணயம் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். கருவியோ அந்தப் பக்கம் போனாலே அலறியது. நான் ஒரு மணி நேரம் 22இல் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நடந்தேன். எது சத்தம், எது சமிக்ஞை என்று ஒன்றும் புரியவில்லை. தலைவலிதான் மிச்சம். அண்ணா வந்து என் திரையைப் பார்த்தார். "தம்பி, உதை முதல் குறைச்சு விடும். சத்தம் அடங்கட்டும், பிறகு ஆழத்தைப் பாப்பம்" என்றார். ஒவ்வொரு எண்ணாக இறக்கினேன். 19இல் கத்தல் இடைவெளி விட ஆரம்பித்தது. 16இல் எப்போதாவது ஒரு முணுமுணுப்பு. 14இல் அடங்கியது.

நான் ஏற்கெனவே நடந்த அதே தடத்தில் திரும்பி வந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இடமிருந்து வலம் வீசினால் ஒரு சின்னக் குரல், வலமிருந்து இடம் வீசினாலும் அதே இடத்தில் அதே குரல். ஒரு கை அகலக் கட்டியாக மண்ணைப் புரட்டினேன், ஆழம் ஒரு சாண்கூட இல்லை. கட்டியை உடைத்தபோது சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, காகிதம்போல் மெல்லிய ஒரு வட்டம். நீண்ட சிலுவை ஒரு பக்கம், முடி சூடிய முகம் மறுபக்கம். எட்வர்ட் காலத்து வெள்ளிப் பென்னி, 700 வருடப் பழசு. ஒரு மணி நேரமாக நான் அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே முறை இது. வசதியான அளவில் தொடங்கி, அசையாமல் பிடித்துக் கேட்டபடி ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள். முழு மௌனம் தேவையில்லை, ஆங்காங்கே ஒரு முணுமுணுப்பு இருந்தால் பரவாயில்லை. வீசும்போது ஒரு நல்ல குரலை அதிலிருந்து பிரித்துக் கேட்க முடிந்தால் போதும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பழைய நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் போட்டு, காயிலை மெல்ல மெல்ல உயர்த்தி வீசிப் பாருங்கள். எந்த எண்ணில் அதிக உயரத்திலிருந்து தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் இன்றைக்கு, இந்த வயலுக்கு உரிய சென்சிடிவிட்டி. உச்ச எண் அதுவாக இருப்பது அபூர்வம் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னும் கைவசம் இருக்கும் வழிகள்

சின்னக் காயில் இருந்தால் மாட்டுங்கள். பரப்பு குறைந்தால் வெளி இரைச்சலைப் பிடிப்பதும் குறையும். ஆழமும் கொஞ்சம் குறையும், ஆனால் மின்கம்பிக்குக் கீழே அது லாபமான வியாபாரம்.

டிஸ்கிரிமினேஷனை (குறிப்பிட்ட எண்களுக்குக் கருவி சத்தம் போடாமல் இருக்கச் செய்யும் அமைப்பை) ஏற்றிச் சத்தத்தை மறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரைச்சல் எல்லா எண்களிலும் தாவுகிறது. சில எண்களை மூடினால் அந்த எண்களில் வரும் நல்ல பொருளும் சேர்ந்து மறையும், மீதி எண்களில் கத்தல் தொடரும்.

இரைச்சலுக்கு நடுவே தோண்ட வேண்டிய சமிக்ஞையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. உண்மைப் பொருள் இடம் மாறாது. இரண்டு திசையிலும் வீசுங்கள், பிறகு உடம்பைக் கால் வட்டம் திருப்பி நின்று மறுபடி வீசுங்கள். ஒரே புள்ளியில் ஒரே மாதிரி குரல் வந்தால் தோண்டலாம். ஒருமுறை கேட்டு மறுமுறை காணாமல் போனால் பெரும்பாலும் காற்றில் வந்தது.

கூட்டமாகப் போகும்போது, ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் இரண்டு கருவியும் ஒன்றின் குரலை ஒன்று கேட்டு அலைபோல ஏறி இறங்கிக் கத்தும். ஆளுக்கொரு சேனல் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போதவில்லையென்றால் 15, 20 மீட்டர் தள்ளி நடப்பதுதான் வழி.

நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். சோலார் பண்ணையின் ஓரம் மதியம் அலறும், சூரியன் சாய்ந்ததும் அடங்கும். தெருவிளக்குகள் எரியும் ஊரோரம் காலையில் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் திடீர் திடீரென்று சடசடப்பு வந்தால் வானத்தைப் பாருங்கள். இடி கேட்டால் அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம், உலோகத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு திறந்த வயலில் நிற்கக் கூடாது. வண்டிக்குப் போய்விடுங்கள்.

எல்லாம் செய்தும் அடங்காத மூலைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வயலின் மறுபக்கம் போங்கள். அந்த மூலையில் முன்பு வந்தவர்களும் தேட முடியாமல்தான் போயிருப்பார்கள். அதனால் சின்னக் காயிலோடு, குறைந்த சென்சிடிவிட்டியோடு இன்னொரு நாள் பொறுமையாக வந்தால் பலன் இருக்கலாம்.

இடையில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் டிடெக்டரை எடுப்பதே குற்றம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்கீழ் வரும் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என் ஒற்றைப் பென்னி அந்தச் சட்டத்தில் வராது, ஆனாலும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் காட்டிப் பதிந்துகொண்டேன். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. ஊருக்குப் போகும்போது கருவியைக் கொண்டுபோகலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் கொண்டுபோவதில்லை.

கடைசியாக, ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தேதி, நேரம், எந்த மூலையில் கத்தியது, எந்த அதிர்வெண்ணில் அடங்கியது, சென்சிடிவிட்டி எவ்வளவு, மின்வேலி ஓடியதா இல்லையா. அந்த பார்லி வயலின் பக்கத்தில் "வேலியோரம் - 20 கிலோஹெர்ட்ஸ், 14, சின்னக் காயில்" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அடுத்த அறுவடை முடிந்ததும் நேராக அந்த எண்களைப் போட்டுக்கொண்டு மூன்றாவது கம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.